கேப்டனுக்குத் தன் எதிர்காலம் தெரியாது: சயின்ஸ் ஃபிக்‌ஷன் முன்கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெப் சீரிஸ் எடுத்தார்கள். ஆறு எபிசோட். கடல் ஏறி எண்ணூர் மூழ்கிப்போன ஒரு காலம். காசிமேட்டிலிருந்து அந்த மூழ்கிய ஊருக்கு ‘போட்டு’ (படகு) ஓட்டும் பெண்தான் கதாநாயகி. கையில் இருந்த காசுக்கு அருமையாக எடுத்திருந்தார்கள். இப்போது அதற்கு ப்ரீக்வல், அதாவது முன்கதை, எழுதியிருக்கிறார்கள். அதே பெண், எட்டு வயதில். படித்துப் பார்க்கச் சொல்லி ஸ்கிரிப்டைக் கொடுத்தார்கள். படித்தபோது ஒன்று புரிந்தது. அவர்கள் தடுக்கி விழுந்த இடங்களில்தான் பெரிய பெரிய தொடர்களும் விழுந்திருக்கின்றன.

ஸ்கிரிப்டின் மூன்றாம் பக்கத்தில் அந்தச் சிறுமியும் அவள் அம்மாவும் ராயபுரம் ஸ்டேஷன் முன்னால் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். “1856ல கட்டுனது, தென்னிந்தியாவுலயே மொதல் ஸ்டேஷன்” என்று அம்மா சொல்கிறாள். முதல் சீரிஸில் அந்தக் கட்டடம் தண்ணீருக்குள் இடிந்து கிடக்கும். அது முழுசாக இருந்த காலத்தைக் காட்டினால் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சை அடைக்கும் என்பது பையன்களின் கணக்கு. எங்கள் ஆயா அந்த ஸ்டேஷன் பக்கத்திலேயே முப்பது வருஷம் இருந்தவள். ஒரு நாள்கூட 1856 என்று சொன்னதில்லை. மழை வந்தால் மீன் கூடையோடு ஒதுங்கி நின்ற இடம் என்றுதான் சொல்வாள். முதல் தவறு இதுதான். பழைய நினைவில் உருகுவது பார்வையாளர். கதைக்குள் இருப்பவர்களுக்கு அது சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை. நம் ஏக்கத்தை அவர்கள் வாயில் வைத்தால் கதை அந்த நிமிடமே பொய்யாகிவிடும்.

ஏக்கம் மிஞ்சினால் அடுத்து என்ன நடக்கும்? பழைய தொடரில் எல்லோருக்கும் பிடித்த வில்லன்களையும் வேற்றுகிரகவாசிகளையும் கூட்டிவரத் தோன்றும். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் வரிசையில் ‘என்டர்பிரைஸ்’ (2001–2005), முதல் தொடரின் நாயகனான கேப்டன் கிர்க்குக்கு நூறு வருஷம் முந்தைய கதை. அதில் 2002இல் ஃபெரெங்கிகள் என்ற வேற்றுகிரகவாசிகளைக் கொண்டுவந்தார்கள். ஆனால் 1987இல் வந்த ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில்தான், அதாவது கதைக் கணக்கில் இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகுதான், மனிதர்கள் அவர்களை முதன்முதலாக நேரில் பார்க்கிறார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபெரெங்கிகள் அந்த எபிசோட் முழுக்கத் தங்கள் இனத்தின் பேரைச் சொல்லாமலே போய்விடுகிறார்கள். அடுத்த வருஷம் ‘போர்க்’ என்ற பாதி மனித, பாதி இயந்திர இனம் வந்தது. அதற்கும் பேர் சொல்லவில்லை. சட்டப்படி சரிதான். ஆனால் பேர் தெரியாது என்பதற்காக முகம் மறந்துவிடுமா? பெரிய காதும் கூர்ப்பல்லுமாகக் கப்பலில் ஏறிக் கொள்ளையடித்தவர்களைப் பற்றி யாரும் ஒரு குறிப்புகூட எழுதிவைக்க மாட்டார்களா?

இதிலும் பெரியது கோர்ன் விவகாரம். 1967இல் வந்த எபிசோடில் கிர்க் அந்தப் பல்லி உருவத்தோடு மோதும்போது அது யாரென்றே கிர்க் சார்ந்த கிரகக் கூட்டமைப்பான ஃபெடரேஷனுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் கதையின் உயிர். பயத்தில் கொல்லப் போகிறவன், கடைசி நொடியில் கையை நிறுத்துகிறான். 2022இல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ அதற்கு முந்தைய காலம். அதில் அதே கோர்ன்கள் மறுபடி மறுபடி வருகின்றன. பிற்பாடு கிர்க்கோடு வேலை செய்யப்போகும் ஸ்பாக் உட்பட அந்தக் கப்பலே அவற்றோடு போராடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த தொடர் அது. இருந்தாலும் இந்த ஒன்று மட்டும் இன்னும் ஜீரணமாகவில்லை. காரணம் தேதி பிசகியது அல்ல. பழைய கதையிலிருந்து ஆச்சரியத்தை எடுத்துவிட்டார்கள் என்பது.

தோற்றம் வேறு விஷயம். அதில் நாம் தாராளமாக இருக்கலாம். 1966இல் அட்டையிலும் பிளைவுட்டிலும் கட்டிய எதிர்காலத்தை 2017இல் அப்படியே கட்டவேண்டும் என்று யாரும் அழுத்திக் கேட்பதில்லை. 2017இல் வந்த ஸ்டார் ட்ரெக் தொடரான ‘டிஸ்கவரி’ கிர்க்குக்குப் பத்து வருஷம் முந்தையது என்றார்கள், ஆனால் ஆட்கள் ஹோலோகிராமாக எழுந்து நின்று பேசினார்கள். ரசிகர்கள் முணுமுணுக்கவே, அடுத்த சீசனில், கிர்க்குக்கு முன்னால் அதே கப்பலின் கேப்டனாக இருந்த பைக் தன் கப்பலில் இருந்த ஹோலோகிராம் கருவியைப் பிடுங்கி எறியச் சொன்னார். அந்த ஒரு வசனம் வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம். கிளிங்கான் என்ற வேற்றுகிரக இனத்தின் நெற்றியும் இப்படித்தான். 1967இல் வழவழ நெற்றி, 1979 ஸ்டார் ட்ரெக் படத்திலிருந்து மேடுபள்ளம். 1996இல் அதைக் கேட்டபோது கிளிங்கானான வோர்ஃப், வெளியாட்களிடம் நாங்கள் அதைப் பேசுவதில்லை என்று முடித்துக்கொண்டார். அது போதும். 2005இல் ‘என்டர்பிரைஸ்’ இரண்டு எபிசோட் செலவழித்து ஒரு வைரஸ்தான் காரணம் என்று விளக்கியது. மேக்கப் வளர்ந்ததற்கு மருத்துவக் காரணம் எதற்கு?

தோற்றத்தைப் பழையபடியே வைக்க முடிந்தால் அதுவும் அழகுதான். 2025இல் வந்த ‘ஏலியன்: எர்த்’, 1979 ‘ஏலியன்’ படத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் நடக்கிறது. கப்பலுக்குள் அதே பருத்த மானிட்டர், அதே தடித்த பட்டன். யாரும் அதைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடவில்லை. வேலை செய்யத்தான் தட்டுகிறார்கள்.

இனி, பையன்களோடு நான் ஒரு மணி நேரம் சண்டை போட்ட இடத்துக்கு வருகிறேன். முதல் சீரிஸில் கதாநாயகி ஒரே ஒரு தடவை, என்ஜினைத் துடைத்துக்கொண்டே சொல்வாள்: “எங்கண்ணன நான் பாத்ததே இல்ல.” புது ஸ்கிரிப்டில் இரண்டாம் எபிசோடிலேயே அண்ணன் வந்து அவளுக்கு போட்டு ஓட்டக் கற்றுத்தருகிறான். கேட்டால், “இன்னாணா, அண்ணன் யார்னு தெரிஞ்சிக்கத்தான எல்லாரும் வெயிட் பண்றாங்க?” என்கிறார்கள். சரி, அந்த வசனம் என்ன ஆவது? கடைசி எபிசோடில் தலையில் அடிபட்டு அவளுக்கு எல்லாம் மறந்துவிடுமாம்.

இதைத்தான் அழிரப்பர் என்று சொல்கிறேன். ‘டிஸ்கவரி’யில் ஸ்பாக்குக்கு ஒரு வளர்ப்புச் சகோதரி. ஐம்பது வருஷமாக ஸ்பாக் அவளைப் பற்றி மூச்சே விட்டதில்லை. அதைச் சரிக்கட்ட 2019இல் கப்பலோடு அவளைத் தொள்ளாயிரம் வருஷம் தாண்டி எதிர்காலத்துக்கு அனுப்பினார்கள். பிறகு அந்தக் கப்பலைப் பற்றி யாரும் பேசக்கூடாது, பேசினால் தேசத்துரோகம் என்று உத்தரவு. மறதியும் ரகசிய உத்தரவும் ஓட்டையை அடைக்கும், உண்மைதான். ஆனால் நாம் இரண்டு சீசன் உட்கார்ந்து பார்த்த பாசம் யார் மனதிலும் பதியாத ஒன்றாகிவிடுகிறது. ஸ்டார் வார்ஸ் தொடரான ‘ஓபி-வான் கெனோபி’யில் (2022) பத்து வயது இளவரசி லேயாவை ஓபி-வான் காப்பாற்றுகிறார். அதற்குப் பிறகு நடக்கும் 1977 படத்தில் லேயா அனுப்பும் தகவலோ, என் அப்பாவுக்காகப் போரில் நின்றீர்களே என்று முன்பின் பார்க்காதவரிடம் பேசுவதுபோல இருக்கிறது. அந்தச் சிறுமி நடித்த காட்சிகள் எனக்குப் பிடிக்கும். அதனாலேயே வலிக்கிறது.

முடிவு தெரிந்துவிட்டதே, இனி என்ன சுவாரசியம் என்று பயந்து உயிர் போகும் ஆபத்துகளை அடுக்குவதும் தவறு. 1966 எபிசோடிலேயே பைக்கின் கதியைப் பார்த்துவிட்டோம். கதிர்வீச்சில் உருக்குலைந்து நாற்காலியில் அடைபட்டு, விளக்கு ஒரு தடவை மின்னினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ அதை மறைக்கவில்லை. பைக்குக்கே அது தெரியும். கேப்டன்களில் இவர் ஒருவருக்கு மட்டும் தன் எதிர்காலத்தைத் தெரியவைத்து, தெரிந்தவன் காலையில் எழுந்து எப்படி வேலைக்குப் போவான் என்பதையே கதையாக்கினார்கள். இன்னொரு ஸ்டார் வார்ஸ் தொடரான ‘ஆண்டோர்’ நாயகன் சாகப்போவது 2016 படத்திலேயே தெரியும். அவனுக்குத் தெரியாது. இருபத்துநாலு எபிசோடில் அவன் கடனுக்கு ஓடுகிறான், தயங்குகிறான், ஆட்களை இழக்கிறான். ஜெடாய் வீரர்களின் ஒளிவாள் ஒன்றுகூட வெளியே வராமலே நம்மை உட்காரவைத்தார்கள்.

சின்னதாக இன்னொன்று. கதாநாயகியின் தழும்பு, பட்டப்பேர், போட்டுக்குப் பேர் வந்த கதை எல்லாம் ஒரே வாரத்தில் நடக்கக்கூடாது. ஒன்றை விளக்குங்கள், மற்றதை விடுங்கள்.

ஷூட்டிங்கில் அசிஸ்டன்ட் டைரக்டர் கன்டினியூட்டி நோட் வைத்திருப்பார். எந்தக் கையில் டம்ளர், சட்டையில் எந்தப் பட்டன் திறந்திருந்தது என்று குறித்துக்கொள்வார். எழுதுகிறவருக்கும் ஒரு நோட்டு வேண்டும். அதில் டம்ளருக்கு முன்னால், யாருக்கு எது தெரியும், எந்தத் தேதி வரை தெரியாது என்பதை எழுதவேண்டும். பையன்களை இருபது பக்க நோட்டு ஒன்று வாங்கவைத்தேன். முதல் பக்கத்தில் அந்த ஒரு வசனத்தை எழுதினோம். ‘பார்த்ததே இல்லை’ என்பதை மீறாமல் அண்ணனை வீட்டுக்குள் கொண்டுவர வழி உண்டா என்று இரண்டு ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்து யோசித்தோம்.

இப்போது காட்சி இப்படி இருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துத் தூங்குகிறாள். வாசலில் யாரோ அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். நமக்கு ஈரமான கால் மட்டும் தெரிகிறது. “எழுப்பவா?” என்கிறாள் அம்மா. “வாணாம்மா, தூங்கட்டும்” என்கிறது குரல். விடிந்து எழுந்தவள் திண்ணையில் ஒரு பன் பொட்டலம் இருப்பதைப் பார்க்கிறாள். யார் வைத்தது என்று கேட்காமல் பிரித்துத் தின்கிறாள்.