ஈஸ்டர் விடியல் ஆராதனையும் காலை உணவும்: நூறு பேர் உள்ள சபைக்கு

சமையல்கட்டில் நிற்பவர்களும் ஆராதனையில் உட்கார வேண்டும். திட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள், மற்றதெல்லாம் ஒழுங்காக அமையும்.

2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027இல் மார்ச் 28. அந்த நாட்களில் திருச்சி, தஞ்சைப் பக்கம் ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் சூரியன் உதிக்கும். கல்லறைத் தோட்டத்தில் 5.15க்குத் தொடங்கினால், இயேசு உயிர்த்தெழுந்ததைச் சொல்லும் மாற்கு 16ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாடி முடிக்கும்போது வெளிச்சம் வந்துவிடும். நான்கரைக்கே தொடங்கினால் கும்மிருட்டிலேயே எல்லாம் முடிந்து, சபையார் கோயில் வாசலில் காத்து நிற்பார்கள். (கல்லறைகளுக்கு நடுவே விடியலில் பாடும் வழக்கம் 1732இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில், மொரேவிய சபை என்ற கிறிஸ்தவப் பிரிவின் இளைஞர்களிடம் தொடங்கியது.)

கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பெரிய வியாழனுக்கு (ஈஸ்டருக்கு முந்தின வியாழன்) முன்பே முடியுங்கள். சனிக்கிழமை மாலை அடித்தால் காலையில் பாதிப் பேர் உடையில் வெள்ளை ஒட்டியிருக்கும். புல்லையும் முள்ளையும் அப்போதே வெட்டி, நடைபாதையில் கிடக்கும் கற்களை ஓரமாக ஒதுக்குங்கள். இருட்டில் முதியவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மைக்கை மறந்துவிட்டு, பாடகர்களை முன்னால் கூட்டாமல் கூட்டத்தின் மூன்று இடங்களில் பிரித்து நிறுத்துங்கள். எல்லாருக்கும் மனப்பாடமான ஞானப்பாட்டுகளாகப் பாருங்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புத்தகம் படிக்க முடியாது. லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) முழுக்க நிறுத்தி வைத்த அல்லேலூயா இங்கேதான் திரும்ப வருகிறது, அதைத் தயங்காமல் உரக்கப் பாடட்டும். ஆயர் “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்றதும் சபை “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று சொல்வதை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் முந்தின வாரமே பழக்கிவிடுங்கள்.

மெழுகுவர்த்திகள் 120 வாங்குங்கள். காகிதக் கோப்பையின் அடியில் துளையிட்டு மெழுகுவர்த்தியைச் செருகினால் காற்றும் தடுக்கும், கையிலும் சொட்டாது. தீ பகிரும்போது எரியும் மெழுகுவர்த்தி நிமிர்ந்தே இருக்கட்டும். எரியாததைச் சாய்த்துப் பற்ற வையுங்கள். மாற்றிச் செய்தால் பட்டுச் சேலையில் மெழுகு வடியும்.

பீடத்துக்கு வெள்ளை விரிப்பைச் சனிக்கிழமை மாலையே போட்டுவிடுங்கள். சம்பங்கி இரவில் மலரும், அதனால் மொட்டாகவே வாங்கலாம். திருவிருந்துக்கு (ஆராதனையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் சடங்கு) அப்பம் வழக்கமான எண்ணிக்கையைவிட 25 கூடுதலாக வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் அன்று ஊர் வந்திருப்பார்கள். ஆளுக்கு 5 மி.லி. எனக் கணக்கிட்டால் 750 மி.லி. திராட்சை ரசம் 125 பேருக்குத் தாராளம்.

காலை உணவுக்கு இட்லி வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். நூறு பேருக்கு நானூறு இட்லி அவிக்க, திருவிருந்து நேரம் முழுக்க நான்கு பேர் அடுப்படியில் நிற்க வேண்டும். ஏப்ரல் வெக்கையில் மாவு புளித்துப் பொங்குவது வேறு. வெண்பொங்கல் போடுங்கள்: பச்சரிசி 6 கிலோ, பாசிப்பருப்பு 2.5 கிலோ, நெய் 1 கிலோ, மிளகும் சீரகமும் தலா 100 கிராம், இஞ்சி கால் கிலோ, முந்திரி கால் கிலோ. அரிசி பருப்பு அளந்த அதே படியால் நாலரைப் பங்கு தண்ணீர். கூடவே 20 லிட்டர் சாம்பார், அதற்குத் துவரம்பருப்பு 2 கிலோ.

இரண்டரைக்கு அடுப்பு மூட்டி நான்கரைக்குள் இறக்கி, கனமான பாத்திரத்தில் மூடிச் சாக்கு போர்த்தி வையுங்கள். பரிமாறும் நேரத்துக்குள் பொங்கல் இறுகிவிடும். பிளாஸ்கில் 5 லிட்டர் வெந்நீர் எடுத்து வைத்து, கடைசியில் கொஞ்சம் ஊற்றிக் கிளறினால் இளகும். நெய்யில் பாதியை அதற்கென்று நிறுத்தி வையுங்கள். அடுப்பை எரியவிட்டு ஆளில்லாமல் போகாதீர்கள்.

ஆறேகாலுக்குக் கோயிலில் ஆராதனை தொடங்கினால் ஏழே முக்காலுக்குப் பந்தி. பந்தி உட்காருமுன் நடமாட முடியாத முதியவர்களுக்குப் பொட்டலம் கட்டிவிடுங்கள், பிறகு மிஞ்சாது. அவர்களுக்குத் திருவிருந்து கொடுக்க ஆயர் புறப்படும்போது கூடப் போகிறவர் அதை எடுத்துச் செல்லலாம். சமைத்தவர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் வாலிபர் சங்கத்தின் பொறுப்பு என்று முந்தின ஞாயிறே பெயர் வாசித்துவிடுங்கள்.