கியர்பாக்ஸை இறக்கும் முன்: ஹைட்ராலிக் கிளட்ச் பழுதைக் கண்டறிதலும் சரிசெய்தலும்

மார்த்தாண்டம் சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது முதல் கியர் விழ மறுத்தால், கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று முடிவுகட்டி, கியர்பாக்ஸை இறக்கும் வேலைக்கு உடனே சம்மதித்துவிடுவோர் பலர். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள காரில் அந்த முடிவு அவசரமானது. பழுது கிளட்சுக்குள் இருக்கிறதா, அதை இயக்கும் ஆயில் வழியில் இருக்கிறதா என்பதை ஒரு டார்ச் விளக்கும் பெடலை மிதிக்க ஓர் ஆளும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே பிரித்தறிந்துவிடலாம்.

பெடலை மிதிக்கும்போது புஷ் ராடு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தைக் குழாயில் உள்ள பிரேக் ஆயில் கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டருக்குக் கொண்டுசெல்கிறது. ஸ்லேவின் ராடு ஃபோர்க்கைத் தள்ள, ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்தி, கிளட்ச் பிளேட்டை விடுவிக்கிறது. மாருதி 800 போன்று கேபிளால் இயங்கும் கிளட்சுக்கு இங்கே சொல்லப்படுபவை பொருந்தா.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்கவேண்டும். அணைத்த நிலையில் எளிதாக விழும் கியர், எஞ்சின் ஓடும்போது விழ மறுத்தால் அல்லது ரிவர்ஸ் போடும்போது பற்கள் உராயும் சத்தம் கேட்டால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். அணைத்த நிலையிலும் கியர் இறுக்கமாகவே இருந்தால், கியர் லீவரின் இணைப்புகளையும் கியர்பாக்ஸையும் பார்க்கவேண்டுமே தவிர, கிளட்சைக் குறைசொல்லிப் பயனில்லை. எஞ்சின் சத்தம் உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராத வழுக்கல் பெரும்பாலும் பிளேட் தேய்மானத்தையே காட்டும். ஆயினும் ஸ்லேவின் நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் திருகை, சற்றே திறந்ததும் ஆயில் பீறிட்டு வந்து வழுக்கல் நின்றுவிட்டால், வீங்கிய ரப்பர் ஹோஸோ, பெடலில் துளியும் தளர்வு (ஃப்ரீ ப்ளே) இல்லாத புஷ் ராடோ ஆயிலைத் திரும்பவிடாமல் தடுத்திருக்கிறது.

கிளட்ச் விடுபடவில்லை என்று தெரிந்ததும் பெடலை வேகமாக நான்கைந்து முறை மிதித்துப் பார்க்கவேண்டும். அப்படி மிதித்தபின் மட்டும் கியர் விழுமானால், குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது அல்லது ஆயில் குறைந்திருக்கிறது. அடுத்து, முன்னே ஆளோ சுவரோ இல்லாத சமதளத்தில் எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில் பெடலை முழுவதும் அழுத்திப் பிடித்துக் காத்திருக்கவேண்டும். சில நொடிகளில் கார் தானாக ஊர்ந்தால், வெளியே ஒரு துளிகூடக் கசியாமல் மாஸ்டர் சிலிண்டரின் உள்வாஷரைத் தாண்டி ஆயில் பின்வாங்குகிறது. இந்தப் பழுதைப் பலரும் தவறவிடுவதற்குக் காரணம், ஆயில் அளவு குறையாததுதான்.

அளவு குறைந்திருந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. பிரேக் பேடு தேயத் தேயத் தொட்டியில் ஆயில் இறங்கும். ஆனால் கிளட்ச் பிளேட் தேயும்போது ஸ்லேவ் பிஸ்டன் உட்பக்கமாகத் தள்ளப்படுவதால் ஆயில் இறங்காது. ஆகவே கிளட்சுக்கெனத் தனித் தொட்டி உள்ள காரில் அளவு இறங்கினால் அது கசிவேயன்றி வேறில்லை. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே தொட்டி உள்ள கார்களில் கிளட்சுக்குச் செல்லும் குழாய் பொதுவாகச் சற்று உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அங்கே கிளட்ச் முதலில் செயலிழப்பது பிரேக்குக்கான எச்சரிக்கையும் ஆகும். அந்த நிலையில் வண்டியை ஓட்டிச் செல்லாமல் கட்டி இழுத்துச் செல்வதே முறை.

கசிவைத் தேடும்போது ஓட்டுநரின் கால்பக்கம் குனிந்து, பெடலுக்கு மேலே, எஞ்சின் அறையைப் பிரிக்கும் தகட்டுச் சுவரைப் புஷ் ராடு துளைத்துச் செல்லும் இடத்தில் ஈரமோ, பெயின்ட் உரிந்த தடமோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. பின்னர் ஸ்லேவின் தூசு ரப்பரை மெல்ல விலக்கினால், உள்ளே ஆயில் தேங்கியிருப்பது அதன் வாஷர் போனதைக் காட்டிவிடும். கியர்பாக்ஸ் கூட்டின் அடியில் சொட்டும் துளி எதுவென்று குழப்பம் வந்தால், அதை ஒரு குவளைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம்: பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும்; எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மேலே மிதக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் நம்புவது ஸ்லேவ் ராடு நகரும் தூரத்தை. ஒருவர் பெடலை முழுவதும் மிதிக்க, மற்றவர் அந்த ராடு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து, அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடவேண்டும். ராடு முழுத் தூரமும் நகர்ந்தும் கிளட்ச் விடுபடவில்லையெனில்தான் கியர்பாக்ஸை இறக்குவதில் பொருள் இருக்கிறது. பாதி தூரமே நகர்ந்தால் பழுது ஆயில் வழியில்தான். ஸ்லேவ் கியர்பாக்ஸுக்குள்ளேயே வட்டமாகப் பொருத்தப்பட்ட கார்களில் இந்த அளவீடு கைக்கு எட்டாது. அவற்றில் அது கசிந்தால் இறக்குவதைத் தவிர வழியில்லை. இறக்கியபின் பிளேட், பிரஷர் பிளேட் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே சிக்கனம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பழுதுகளுக்கு ஈரம் ஒரு முக்கியக் காரணம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. குளச்சல், முட்டம் போன்ற கரையோரங்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 (DOT 4) என்ற பிரேக் ஆயில் வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பே 155 டிகிரிதான். பிரேக்குக்கு அந்தக் கொதிநிலை முக்கியம். கிளட்சுக்கோ, அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிப்பதே பெரிய தீங்கு. உரிமையாளர் வளைகுடா நாட்டில் இருக்க, ஷெட்டில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார்களில் இந்த அரிப்பு எளிதாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது. ஒர்க்‌ஷாப்பில் மூடி திறந்து கிடக்கும் பழைய டின்னிலிருந்து ஊற்றவிடக் கூடாது. தொட்டி மூடியில் குறிப்பிட்ட வகையை மட்டுமே ஊற்றவேண்டும். பிரேக் ஆயிலுக்குரிய அமைப்பில் எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

சிலிண்டரைக் கழற்றினால் உட்சுவரை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். குழியும் சொரசொரப்பும் இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றுவது வீண். முழு சிலிண்டரையே வாங்கவேண்டும்.

ஏர் எடுப்பதற்கு, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு, காரை ஜாக்கியில் மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டில் தாங்கி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவேண்டும். தொட்டியின் பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்பி, ஸ்லேவின் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்தவேண்டும். உதவியாளர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடித்ததும் நிப்பிளை அரைச் சுற்றுக்குள் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, அதன் பிறகே பெடலை விடச் சொல்லவேண்டும். அது தானாக எழாவிட்டால் கையால் தூக்கலாம். தொட்டி இடையில் வற்றினால் காற்று மறுபடியும் புகுந்துவிடும். குமிழி நின்றபிறகும் பெடல் தொளதொளப்பாக இருந்தால், காற்று குழாயின் ஏதோ ஒரு மேட்டில் தங்கியிருக்கிறது. அப்போது நிப்பிள் வழியாகச் சிரிஞ்சால் புதிய ஆயிலைக் கீழிருந்து மேலாகச் செலுத்தினால், மேலே செல்லும் இயல்புடைய காற்று தொட்டி வழியே வெளியேறும். ஸ்லேவைக் கழற்றிச் சாய்த்துவைத்திருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது. பிஸ்டன் வெளியே தெறித்துவிடும்.

பெயின்டில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். கழிவு ஆயிலைத் தென்னை மூட்டிலோ ஓடையிலோ ஊற்றாமல், மூடிய பாட்டிலில் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்கலாம். அடுத்த சில நாட்கள் காலையில் எஞ்சினை இயக்கும் முன் தொட்டியின் அளவைப் பார்த்துவர வேண்டும். அது இறங்கியிருந்தால், மீண்டும் ஏர் எடுப்பதில் பயனில்லை, இன்னும் கசிந்துகொண்டிருக்கும் இணைப்பைத்தான் தேடவேண்டும்.