தைராய்டு எடுத்துவிட்டு வடசென்னைக்கு வருகிறீர்களா? முதலில் மாத்திரையைக் கவனியுங்கள்

மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீடு பிடித்திருக்கிறீர்கள், தைராய்டையும் முழுசாக எடுத்தாகிவிட்டது என்றால், கேஸ் கனெக்‌ஷனுக்கு அலைவதற்கு முன்னால் மாத்திரைக்கு வழி பண்ணுங்கள். நான் மலேசியாவில் உள்ள கிள்ளானிலிருந்து வந்தவள். கொண்டுவந்த தைராய்டு மாத்திரை, யூதைராக்ஸ் 100, இரண்டு மாதத்தில் தீர்ந்தது, பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

தெருமுனை மெடிக்கலில் "எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்று இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் வேறு பிராண்டு, அதற்கடுத்த மாதம் இன்னொன்று. மருந்து என்னவோ ஒன்றுதான், லெவோதைராக்ஸின். ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு உடம்பில் சேரும் அளவு கொஞ்சம் மாறலாம், சுரப்பியே இல்லாத நமக்கு அந்தக் குறையை ஈடுகட்ட உள்ளே எதுவும் கிடையாது. நாலாவது மாதம் அடிபம்பிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடி ஏறுவதற்குள் கால் கனத்துப்போய் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டெஸ்ட் எடுத்தால் டிஎஸ்ஹெச் (தைராய்டு ஹார்மோன் உடம்பில் குறைந்தால் ஏறும் எண்) எகிறியிருந்தது.

அதனால் சொல்கிறேன், தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் மூன்றும் இங்கே கிடைக்கும், எது உசத்தி என்று குழம்ப வேண்டாம். டாக்டரைக் கேட்டு ஒன்றைப் பிடியுங்கள், அதையே தொடருங்கள், சீட்டில் பிராண்டு பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பாருங்கள். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் பத்து நாளில் எடுக்கும் டெஸ்ட் சரியான நிலவரத்தைக் காட்டாது. டி3 மாத்திரையும் சேர்க்க வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டி4, டி3 இரண்டும் தைராய்டு ஹார்மோன்கள், நாம் போடும் லெவோதைராக்ஸின்தான் டி4. அதை உடம்பே டி3-ஆக மாற்றிக்கொள்ளும், பெரும்பாலானவர்களுக்கு அது போதும்.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஊரில் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் டி4) 15 என்று இருந்திருக்கும், இங்கே 1.2 என்று வரும். அலகு வேறு, அவ்வளவுதான். இங்கத்திய எண்ணை 12.87-ஆல் பெருக்கினால் பழைய கணக்கு வந்துவிடும். டிஎஸ்ஹெச்சுக்கு இந்தக் குழப்பம் இல்லை, இரண்டு இடத்திலும் ஒரே எண்தான்.

புற்றுநோய்க்காக எடுத்தவர்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கூடவே வைத்திருங்கள். சிலருக்கு டிஎஸ்ஹெச்சை வேண்டுமென்றே குறைவாக வைத்திருப்பார்கள். புது டாக்டர் அது தெரியாமல் டோஸைக் குறைத்துவிடக் கூடாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, ஓபிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ஜெனரல் ஆஸ்பத்திரியில் தைராய்டு மாதிரி சுரப்பிகளின் ஆபரேஷனுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போடுங்கள். நான் பம்பு அடிக்கப் போகும்போது போட்டுவிடுவேன், தண்ணீர் பிடித்து முடித்து டீ போடுவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி. சோயா பால் பழக்கம் உள்ள மலேசியக்காரர்கள் அதையும் காலையில் தள்ளிவையுங்கள். ஷீட் போட்ட வீடாக இருந்தால் மே மாதம் உள்ளே அனலாகக் கொதிக்கும், பாட்டிலை அடுப்படியிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள், வேறு டப்பாவுக்கும் மாற்றாதீர்கள்.

கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸை ஏற்ற வேண்டியிருக்கும். உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ ஊசி குத்துவது போல மரத்துப்போனால் அது தைராய்டு மாத்திரை சம்பந்தப்பட்டதாக இருக்காது, கால்சியம் குறைந்திருக்கலாம், ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.