மழைக்கால வார இறுதியை வீட்டில் கழிப்பது எப்படி: கோலாலம்பூர்வாசிகளுக்கு

கோலாலம்பூரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. ஆனால் அக்டோபரில் தொடங்கி ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை வரையில், பிற்பகலில் வானம் இருண்டு இடியோடு கொட்டும் மழையும், அதன்பின் வெப்பம் 23, 24 பாகைக்கு இறங்கிக் காற்றாடியை நிறுத்தத் தோன்றும் மாலைகளும் ஏறக்குறைய அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. அத்தகைய ஒரு சனி ஞாயிறைப் பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்தில் இடம் தேடித் தொலைக்காமல், சமையலும் பொழுதுபோக்கும் நண்பர்களுமாக வீட்டிலேயே கழிக்க விரும்புவோருக்கான வழிமுறை இது. இதில் என் கட்சி ஒன்றே: விருந்தினர் வருவதற்குள் எல்லாவற்றையும் சமைத்து முடித்துவிடக் கூடாது. நேரம் எடுக்கும் சமையலை முன்கூட்டி முடித்து, கைகள் பல தேவைப்படும் சமையலை அவர்கள் வந்தபின் செய்வதற்கென மீதம் வைக்க வேண்டும். களைத்துப்போன முகத்தோடு கதவைத் திறக்கும் வீட்டில், எவ்வளவு ருசியான சாப்பாடு இருந்தாலும் வந்தவர்கள் நாற்காலி நுனியில்தான் உட்காருவார்கள்.

முதலில் நேரத்தைக் கணிக்க வேண்டும். பருவக்காற்று மாறும் இந்த மாதங்களில் காற்றின் வேகம் குறைவாக இருப்பதால், காலை வெயிலில் நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரள்கிறது. எனவே பெரும்பாலான நாட்களில் மழை மூன்று மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில்தான் வரும். இரவு உணவுக்கு ஏழு மணிக்கு வரச் சொன்னால், நண்பர்கள் மழையிலும் நெரிசலிலும் சிக்கி எட்டரைக்கு நனைந்துகொண்டு வருவார்கள். பகல் ஒன்றரை மணிக்கு வரச் சொல்லுங்கள். மழைக்கு முன் வந்து, மழையை உள்ளிருந்து பார்த்து, அது ஓய்ந்தபின் கிளம்புவார்கள். சுங்கை பீசி பக்கமிருந்து வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் பயன்படுத்தும், 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கப்பாதை அடிப்படையில் வெள்ளநீரைத் திருப்பிவிடுவதற்காகக் கட்டப்பட்டது. பெருமழை பெய்தால் அதை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள், அத்தனை வண்டிகளும் மேலே உள்ள சாலையில் வந்து சேரும். கிள்ளானிலிருந்து வருபவர்கள் கொமூட்டர் ரயிலில் வந்துவிடுவதே நல்லது. வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியைக் கைப்பேசியில் வைத்திருந்தால் இடிமழை எச்சரிக்கை முன்கூட்டியே கிடைக்கும்.

அழைக்கும்போதே யார் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டுவிட வேண்டும். இந்நாட்டில் இதைக் கேட்க யாரும் தயங்குவதில்லை. கேட்காமல் விடுவதுதான் சங்கடம். புரட்டாசி அக்டோபர் நடுப்பகுதி வரை நீள்கிறது. தைப்பூசத்துக்காக 48 நாள் விரதம் இருப்பவர்கள் டிசம்பரிலேயே தொடங்கிவிடுவார்கள். மலாய் நண்பர்களுக்கு ஹலால் இறைச்சி வேண்டும்; சைவம் உண்ணும் பௌத்தச் சீனர்களில் பலர் வெங்காயம், பூண்டையும் தொடமாட்டார்கள். ஆகவே மரக்கறிக் குழம்பை முதலில், தனிச் சட்டியில், தனிக் கரண்டியோடு சமைத்து மூடி வைத்துவிட்டுப் பிறகு இறைச்சியைத் தொடுவது எல்லோருக்கும் நிம்மதி. சீனர் சைவக் கடைகளில் கிடைக்கும் சோயா இறைச்சியை வாங்குவதானால் பொட்டலத்தில் உள்ள சேர்மானங்களைப் படித்துப் பாருங்கள், சிலவற்றில் முட்டை இருக்கும்.

சனிக்கிழமை காலையில் சந்தைக்கு ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது. சௌக்கிட்டில் உள்ள ராஜா போட் சந்தையோ, வீட்டருகில் இருக்கும் காலைச் சந்தையோ போதும். விருந்தின் முக்கிய உணவான பிரட்டலுக்கு ஆட்டிறைச்சி வாங்கும்போது உள்நாட்டு ஆடா, இறக்குமதியா என்று கேளுங்கள். ஆஸ்திரேலிய இறைச்சி விலை குறைவு, கொழுப்பு அதிகம், விரைவில் வேகும். உள்நாட்டு ஆடு விலை கூடினாலும் பிரட்டலுக்கு அதன் எலும்பும் மணமும்தான் பொருத்தம். எட்டுப் பேருக்கு எலும்போடு இரண்டு கிலோ வேண்டும்.

பிரட்டலைக் காலை பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். அடி கனத்த சட்டியில் எண்ணெய் தாராளமாக ஊற்றி, பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, சோம்பு ஆகியவற்றைப் பொரியவிட்டு, அரை கிலோ சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டுப் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். இதற்குப் பதினைந்து நிமிடமாவது ஆகும். பிரட்டலின் இனிப்பும் நிறமும் இந்த வதக்கலிலிருந்து வருவதால் இங்கே அவசரம் உதவாது. கறிவேப்பிலையும் இஞ்சி பூண்டு விழுதும் சேர்த்துப் பச்சை வாடை போனபின், எட்டு மேசைக்கரண்டி இறைச்சி மசாலைத்தூளைச் சிறிது தண்ணீரில் குழைத்துச் சேர்க்க வேண்டும். தூளை அப்படியே போட்டால் சூடான எண்ணெயில் கருகிக் கசக்கும். குழைத்துப் போட்டால் நிதானமாக வதங்கி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, வெந்துவிட்டதைத் தானே காட்டிவிடும். அதன்பின் இறைச்சியையும் உப்பையும் போட்டு, தண்ணீர் ஊற்றாமலே பத்து நிமிடம் கிளறினால் இறைச்சி தன் நீரை விடும். பிறகு மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி, தீயைக் குறைத்து, மூடியிட்டு ஒன்றரை மணி நேரம் விட்டுவிடலாம். கடைசி அரை மணி நேரத்தில் உருளைக்கிழங்கு போட்டு, அது வெந்ததும் மூடியைத் திறந்து, மசாலை இறைச்சியில் ஒட்டிக் கருஞ்சிவப்பாகும் வரை வற்றவிட வேண்டும். நம் வீடுகள் சிலவற்றில் இறக்குமுன் ஒரு கரண்டி கருப்புக் கிச்சாப் (சோயா சாறு) ஊற்றுவார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கண்டு முகம் சுளித்தாலும், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதையும் பார்க்கலாம். ஹலால் முத்திரை உள்ள கிச்சாப்பாக இருக்கட்டும். அழுத்தச் சமையற்பானை இருபத்தைந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடும் என்பது உண்மைதான். மழைக்கால வார இறுதியில் வீடு முழுவதும் மணம் பரவ வேண்டும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

மீதம் வைக்க வேண்டிய வேலை இடியாப்பம். காலையில் மோட்டார் சைக்கிளில் வருபவரிடம் தேங்காய்ப்பூவும் சீனியுமாக வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். தனியாளாகப் பிழிவது கைவலி என்பதால்தான் வீட்டில் செய்வது அருகிவிட்டது. நான்கு பேர் இருந்தால் அது அரட்டைக்குத் துணையான வேலை. ஒரு கிலோ வறுத்த அரிசி மாவில் உப்பைக் கலந்து, கொதிக்கும் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். ஒன்றே கால் லிட்டர் அளவில் ஆகும், ஆனால் மாவுக்கு மாவு வேறுபடும் என்பதால் மொத்தமாக ஊற்றிவிடக் கூடாது. தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம், ஏனெனில் அந்தச் சூட்டில்தான் மாவு பாதி வெந்து இழை அறுபடாமல் நீளும். ஐந்து நிமிடம் மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, ஆறுமுன் அச்சில் இடுங்கள். ஆறிய மாவு இறுகிவிடும், பிழிபவர் பொறுமையும் அதோடு போய்விடும். ஒருவர் பிசைய, ஒருவர் பிழிய, ஒருவர் ஆவியில் எட்டு நிமிடம் வைத்து எடுக்க, ஒருவர் தட்டில் பிரித்து அடுக்க, முதல் ஈடு மேசைக்கு வரும்போது இரண்டாவது ஈடு அடுப்பில் இருக்கும். முதன்முறையாக வரும் நண்பரிடம் அச்சைக் கொடுத்துவிடுங்கள். கூச்சம் போவதற்கு அதைவிடச் சிறந்த மருந்தில்லை.

சாப்பாடு முடியும் வேளையில் வானம் முழங்கத் தொடங்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி விளையாட்டில்லை. முதல் முழக்கத்திலேயே இணையப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றின் இணைப்பைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. மின்னலில் மின்பெட்டியின் பாதுகாப்பு விசை தானே விழுந்துவிடுவதும் உண்டு. விளக்கு மீண்டும் எரிந்ததா என்று மட்டும் பாராமல் குளிர்பதனப் பெட்டியும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

இணையம் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் பொழுதுபோக்கு வேண்டும். கேரம் பலகை இருந்தால் நல்லது. ஆனால் என் தெரிவு சொங்காக். நம் பல்லாங்குழியின் உறவுதான் என்பதால் பாட்டிமார்களும் உடனே சேர்ந்துகொள்வார்கள். இரண்டு வரிசையிலும் ஏழேழு குழிகள் இருப்பது வரை பழக்கமானதே. சொங்காக்கில் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பெரிய குழி உண்டு, அது அவரவர் களஞ்சியம். குழிக்கு ஏழாக 98 காய்கள் போட்டு, ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக விதைத்துக்கொண்டே போகையில் தன் களஞ்சியத்தில் ஒன்று இட்டு, எதிராளியின் களஞ்சியத்தைத் தாண்டிச் செல்ல வேண்டும். கடைசிக் காய் தன் களஞ்சியத்தில் விழுந்தால் மீண்டும் ஆடலாம். பலகை இல்லையென்றால் முட்டை அட்டையும் புளியங்கொட்டையும் போதும்.

பெரியவர்கள் வந்திருந்தால் பழைய படங்களை எடுத்து வைக்கலாம். தோட்டத்து லயத்து வாசலிலும் கோயில் திருவிழாவிலும் எடுத்த படங்கள் பல வீடுகளில் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. அவற்றில் நிற்பவர்களின் பெயர் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். படத்தின் பின்புறத்தில் பெயர், ஊர், தோராயமான ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். பேனா மை நம் ஊர் ஈரத்தில் ஊறி அடுத்த படத்தில் ஒட்டிவிடும். எழுதிய கையோடு கைப்பேசியில் படம் பிடித்து, அதே பெயர்களோடு குடும்பக் குழுவில் அனுப்பினால், ஈப்போவிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ யாராவது திருத்தம் சொல்லுவார்கள். எண்ணெய்க் கையோடு யாரும் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இந்த நேரத்தில்தான் சிற்றுண்டி வரும்.

சிற்றுண்டிக்குச் செக்கோடோக் போதும். கறுத்துப் போகும் நிலையிலுள்ள ஐந்தாறு வாழைப்பழங்களை மசித்து, ஒரு கப் கோதுமை மாவு, சிறிது சீனி, உப்பு சேர்த்து, கரண்டியால் எடுத்து மிதமான சூட்டில் பொரித்தால் பத்து நிமிட வேலை. கூடவே இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். முறுக்கு சுடுவோம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். மழையின் ஈரக்காற்றில் ஆறவைத்த முறுக்கு அரை மணி நேரத்தில் நமத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் வேண்டாம். தமிழ் நாளேட்டின் ஞாயிறு பதிப்பும், முந்தைய நாள் பிரட்டலுக்குக் கடையில் வாங்கிய ரொட்டி சானாயும் போதும். பிரட்டல் மறுநாள்தான் உப்பும் உறைப்பும் இறங்கி நன்றாக இருக்கும். அதற்குச் சனிக்கிழமை மாலையே அதைப் பாதுகாத்திருக்க வேண்டும். நம் வெப்பத்தில் சமைத்த இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது ஆபத்து. ஆகவே பரிமாறியதும் மீதத்தை ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நண்பர்கள் தாப்பாவ் (மீதத்தை வீட்டுக்கு) கொண்டுபோகத் தங்கள் டப்பாவைத் தாங்களே எடுத்து வரவேண்டும் என்று அழைக்கும்போதே சொல்லிவிட்டால், திரும்பி வராத மூடிகளைப் பற்றி அடுத்த மாதம் யாரையும் கேட்க வேண்டியிராது.