தொற்று விதிகள் இருக்கும்போது கப்பல் பயணம்: போகலாமா, தள்ளிப்போடலாமா?

சொகுசுக் கப்பலுக்குப் பணம் கட்டும் முன் விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். கூட வருபவர்களில் உடம்பு பலவீனமானவர் யாரோ, அவர் கேபினுக்குள் ஏழு நாள் அடைபட்டுக் கிடக்க நேர்ந்தால் தாங்குவாரா? தாங்குவார் என்றால் மற்றவை எல்லாம் ஏற்பாடு செய்துகொள்ளக்கூடியவைதான். தாங்கமாட்டார் என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இப்படி மோசமான நாளிலிருந்து கணக்குப் போடக் காரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்திவைத்த டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். 712 பேருக்குக் கோவிட் தொற்று வந்தது. அதே மாதம் வெஸ்டர்டாம் கப்பலை ஐந்து இடங்களில் உள்ளே விட மறுத்தார்கள். கடைசியில் கம்போடியாவின் சிகானூக்வில் துறைமுகம்தான் இடம் கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து போன குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் 83 வயது முதியவருக்குப் பாசிட்டிவ் என்று வந்ததும், பயணத்தைக் குறைத்துக்கொண்டு கரைக்குத் திரும்பினார்கள். மறுபடி சோதித்தால் அவருக்குத் தொற்றே இல்லை. முதல் கப்பலைக் கெடுத்தது நோய், இரண்டாவதைக் கெடுத்தது பயம், மூன்றாவதைக் கெடுத்தது தவறான சோதனை முடிவு. மூன்றிலுமே பயணிகள் போட்ட திட்டம் திட்டமாக நடக்கவில்லை.

கோவிட் நெருக்கடி நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. அதற்கு முன்னும் பின்னுமாகப் பெரும்பாலான கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார்கள். ஆனால் டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். சோதனை கேட்கவும், ஏறவிடாமல் நிறுத்தவும், கேபினில் தனிமைப்படுத்தவும், துறைமுகத்தை மாற்றவும் கப்பல் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்கும். புதிய தொற்று கிளம்பினால் இவை ஒரே வாரத்தில் திரும்பி வரலாம்.

யார் போகவே வேண்டாம்

டயாலிசிஸ் செய்துகொள்பவர், கீமோ எடுப்பவர், சமீபத்தில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர், வீட்டில் ஆக்சிஜன் உதவியோடு இருப்பவர் ஆகியோர் விதி கடுமையாக இருக்கும் காலத்தில் ஏறவேண்டாம். கப்பலில் டாக்டரும் நர்ஸும் இருப்பார்கள். ஆக்சிஜனும் சில படுக்கைகளும் இருக்கும். ஆனால் அது தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்ல. நோயாளியின் நிலையைக் கட்டுப்படுத்தி, அடுத்த துறைமுகத்தில் ஒப்படைக்கும் வரைக்குமான ஏற்பாடுதான். 24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளைச் சாதாரண நாட்களிலேயே பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. தடுப்பூசி போடும் வயது வராத குழந்தைகளுக்குக் கப்பலுக்குக் கப்பல் விதி மாறும். முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சுகரும் பிரஷரும் இருந்தாலே போகக்கூடாது என்றில்லை. கட்டுக்குள் இருந்தால் போகலாம், மாத்திரைக் கணக்கு மட்டும் மாறும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

எந்தக் கப்பல், எத்தனை இரவு, எந்தக் கேபின்

விதிகள் அமலில் இருக்கும்போது முதல் பயணம் இரண்டு மூன்று இரவு, கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்புவது, வெளிநாட்டுத் துறைமுகம் இல்லாதது என்று இருக்கட்டும். சென்னையில் கிளம்பிச் சென்னையிலேயே இறங்கினால், நிலைமை கெட்டாலும் கும்பகோணம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கார் வைத்து ஊர் சேர்ந்துவிடலாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து அங்கே கப்பல் ஏறுவது வசதிதான். ஆனால் அதில் சிங்கப்பூர் விதி, கப்பல் இடையில் நிற்கும் நாட்டின் விதி, திரும்பும் விமானத்தின் விதி என மூன்று அடுக்கு சேருகிறது. ஒன்று இடறினால் மற்ற இரண்டுக்கும் கட்டிய பணம் போகும்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் வேறு ரகம். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய சேவை அது. சில மணி நேரப் பயணம், இருக்கை மட்டும்தான், கேபின் கிடையாது. கப்பலிலேயே அடைபடும் ஆபத்து அதில் குறைவு. ஆனால் இறங்குவது இன்னொரு நாடு என்பதால் பாஸ்போர்ட், பயண அனுமதி, அந்த நாட்டின் சுகாதார விதி எல்லாம் வேண்டும். கடலில் போக வேண்டும் என்ற ஆசைதான் பெரிது என்றால் அது போதும்.

கேபின் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஜன்னல் இல்லாத உள்கேபின்தான் விலை குறைவு. சாதாரண நாளில் தூங்க மட்டும்தானே என்று எடுக்கலாம். தனிமைப்படுத்தினால் அதே அறையில் பகலா இரவா என்று தெரியாமல் ஒரு வாரம் ஓட்ட வேண்டும். 60 வயதைத் தாண்டியவருக்குப் பால்கனி கேபின் எடுங்கள், வெளிக்காற்று கிடைக்கும். நான்கு பேர் குடும்பம் நான்கு படுக்கை கேபினில் ஏறினால், ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்ததும் மீதி மூவரும் தொடர்பில் இருந்தவர்களாகி அங்கேயே அடைபடுவார்கள், தொற்றும் சுற்றி வரும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேபின் எடுத்து, பெரியவர்களை ஒன்றிலும் வெளியே அதிகம் சுற்றும் இளசுகளை மற்றொன்றிலும் வைப்பது நல்லது.

மாதமும் முக்கியம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வங்கக்கடலில் புயல். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜாவை டெல்டாக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. புயலுக்காகக் கப்பல் பாதை மாறினால் சோதனைச் சான்றின் மணிக்கணக்கும் குழம்பும். சம்பா அறுவடை முடிந்து கைவேலை ஓயும் பிப்ரவரி, மார்ச்தான் நல்ல காலம். கடலும் ஓரளவு அடங்கியிருக்கும்.

பணம் திரும்புமா?

ரத்துக்கு மூன்று விதமான காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் தனித்தனியாக விடை வாங்குங்கள். கப்பல் நிறுவனமே ரத்து செய்தால் பணம் வருமா, அடுத்த பயணத்துக்கான வரவு மட்டும்தானா? ஏறும் முன் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் என்ன? அதே கேபினில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது பொருந்துமா? பயந்துபோய் நீங்களே விலகினால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள்? இரண்டாவது கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாசிட்டிவ் வந்தவருக்கு மட்டும் வரவு கொடுத்துவிட்டு, நெகட்டிவ் வந்த மனைவி “தானாக வரவில்லை” என்று எழுதிவிட முடியும்.

ஏஜென்ட் வாயால் “அதெல்லாம் வந்துடும் சார்” என்றால் அதற்கு மதிப்பில்லை. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்குங்கள். ரொக்கமாகக் கட்டாமல் கார்டிலோ வங்கி மூலமோ கட்டுங்கள். வரவாகக் கொடுத்தால் அது எந்தத் தேதி வரை செல்லும், பெயர் மாற்றலாமா என்பதையும் கேளுங்கள்.

இன்சூரன்ஸில் முதலில் தேடவேண்டியது விலக்குப் பட்டியல். “பெருந்தொற்று” என்ற சொல் அதில் இருந்தால் அந்தப் பாலிசி இதற்கு உதவாது. பிறகு மூன்றைப் பாருங்கள்: கப்பலில் பார்க்கும் சிகிச்சை, கப்பலிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு, தனிமைப்படுத்தினால் தங்கும் செலவு. கடைசியது பல பாலிசிகளில் இருக்காது. சுகர், பிரஷர் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கிளெய்ம் நிற்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கப்பலில் செல்லாது. கப்பல் மருத்துவமனைக் கட்டணம் உங்கள் கேபின் கணக்கில் ஏறும், இறங்கும்போது கட்ட வேண்டும். அதற்காகத் தனியே பணமோ கார்டு வரம்போ வைத்திருங்கள்.

இனிஷியல் தரும் தொல்லை

நம் ஊரில் காகிதம் இடறுவது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், தடுப்பூசிச் சான்றில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து இருக்கும். லேபில் மாதிரி கொடுக்கும்போது அவசரத்தில் கூப்பிடும் பெயரை எழுதிவிடுவார்கள். ஏறும் இடத்தில் இருப்பவர் கணினியில் எழுத்துக்கு எழுத்துதான் ஒப்பிடுவார். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே, உள்நாட்டுப் பயணம் என்றால் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே டிக்கெட்டும் லேப் படிவமும் இருக்கட்டும். கோவிட் காலத்தில் தடுப்பூசியின் கடைசி டோஸுக்கும் ஏறும் நாளுக்கும் 14 நாள் இடைவெளி கேட்பது வழக்கமாக இருந்தது. பூஸ்டரைத் தள்ளிப்போட்டுக் கடைசி வாரம் ஓடினால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். எல்லாவற்றையும் அச்செடுத்து இரண்டு பிரதி வையுங்கள்.

48 மணி நேரத்தை எப்படி எண்ணுவது

ஏறும் முன் 48 மணி நேரத்துக்குள் எடுத்த சோதனைச் சான்று கேட்டால், மணிக்கணக்கு ஓடத் தொடங்குவது மூக்கில் மாதிரி எடுத்த நிமிடத்திலிருந்து. முடிவு வந்த நேரத்திலிருந்து அல்ல. எது வரை எண்ணுவார்கள் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் கேளுங்கள்: ஏறும் நேரமா, கப்பல் கிளம்பும் நேரமா? தெரியாதபோது கிளம்பும் நேரத்தையே வைத்து எண்ணுங்கள்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் கப்பல் என்று வையுங்கள். 48 மணி நேர ஆர்.டி.பி.சி.ஆர். (லேபில் செய்யும் கோவிட் சோதனை) வேண்டுமென்றால் வியாழன் மாலை 5-க்குப் பிறகுதான் மாதிரி கொடுக்க வேண்டும். வியாழன் மாலை 6 மணிக்குத் தஞ்சையிலோ திருச்சியிலோ கொடுத்து, வெள்ளி பிற்பகலுக்குள் முடிவை வாங்கி, உழவன், மன்னை போன்ற இரவு ரயிலில் கிளம்புவது ஒரு வழி. வியாழன் இரவே சென்னை போய், வெள்ளி காலை அங்கே கொடுப்பது இன்னொரு வழி. முதல் வழியே மேல். பாசிட்டிவ் வந்தால் சொந்த வீட்டில் இருப்பீர்கள், சென்னை லாட்ஜில் அல்ல. ஆனால் லேப் மாதிரியை அங்கேயே சோதிக்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அனுப்பும் இடம் என்றால் வெள்ளி இரவாகிவிடும், ரயில் போய்விடும். முடிவுத் தாளில் மாதிரி எடுத்த நேரம், கியூ.ஆர். குறி, அடையாள எண் மூன்றும் இருக்கின்றனவா என்று லேபிலேயே பாருங்கள்.

24 மணி நேர விதி என்றால் சென்னையில்தான் சோதனை, வேறு வழியில்லை. அப்போது கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டிலேயே கோவிட் சோதனைக் கிட் வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் அந்த முடிவு சான்றாகச் செல்லாது, ஆனால் சென்னை போய்த் திரும்பும் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கோவிட் வந்து குணமானவருக்கு ஆர்.டி.பி.சி.ஆர். சில வாரம் வரை பாசிட்டிவ் காட்டக்கூடும். பரப்பும் தன்மை இல்லாமலே காட்டும். மூன்று மாதத்துக்குள் வந்திருந்தால், பழைய பாசிட்டிவ் தாளும் குணமானதற்கான டாக்டர் சான்றும் போதுமா, ஆன்டிஜென் என்னும் விரைவுச் சோதனையை ஏற்பார்களா என்று முன்பே கேளுங்கள். நெகட்டிவ் வந்தவரெல்லாம் தொற்று இல்லாதவர் என்றும் நினைக்க வேண்டாம். தொற்றிய முதல் இரண்டு மூன்று நாள் சோதனையில் சிக்காது. எல்லோரும் நெகட்டிவ் தாளோடு ஏறிய கப்பலில் மூன்றாம் நாள் காய்ச்சல் கிளம்புவது இதனால்தான்.

அதனால் ஏறுவதற்கு முந்தைய ஏழு நாள் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழாக் கூட்டம் எதுவும் வேண்டாம். முன்பதிவின்போதே பஞ்சாங்கத்தைப் பாருங்கள். நெருங்கிய சொந்தத்தின் முகூர்த்தம் அந்த வாரத்தில் விழுந்தால் கப்பல் தேதியை மாற்றுங்கள். கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது நம் பக்கம் நடக்காத காரியம்.

பையில் என்ன

தினசரி மாத்திரை பயண நாட்களுக்கு மேல் பத்து நாள் கூடுதலாக. அதில் பாதி கைப்பையில். மருந்தின் மூலப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டு. இன்சுலினுக்குக் கேபினில் ஃப்ரிட்ஜ் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர், பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறு, ஆளுக்கு நான்கைந்து என்95 மாஸ்க். கடல் குமட்டலுக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பல மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணவேண்டாம். வீட்டில் சமைத்த உணவைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள்.

கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தைவிடத் திறந்த தளம் பாதுகாப்பு. லிஃப்டில் கூட்டம் என்றால் படி ஏறுங்கள். சாப்பிடும் முன் சானிடைசரை நம்பாமல் சோப்புப் போட்டு 20 வினாடி கையைக் கழுவுங்கள். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் சரியாக வேலை செய்யாது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, இருமல், பேதி கிளம்பினாலோ மறைக்காமல் கேபின் போனில் மருத்துவப் பிரிவைக் கூப்பிடுங்கள். நீங்களாக நடந்து போகவேண்டாம். ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் உடனே சொல்லுங்கள். பாசிட்டிவ் என்றால் நான்கு விவரங்களை எழுதி வாங்குங்கள்: எத்தனை நாள் தனிமை, எந்தத் துறைமுகத்தில் இறக்குவார்கள், அங்கே தங்கும் செலவு யாருடையது, எந்தச் சோதனை நெகட்டிவ் ஆனால் விடுவார்கள். அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் போகவேண்டும். நடுக்கடலில் செல்போன் சிக்னல் இருக்காது. கப்பல் நெட்வொர்க்கில் போன் தானாக இணைந்தால் ரோமிங் கட்டணம் எகிறும். ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, கப்பலின் வைஃபையை விலை கேட்டு வாங்குங்கள்.

ஊர் திரும்பியதும் ஐந்து நாள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பக்கத்தில் மாஸ்க்கோடு இருங்கள். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிட்டில் பாருங்கள். கிளெய்ம் போடுபவர்கள் கப்பல் டாக்டர் கையெழுத்திட்ட சான்று, கேபின் கணக்கு ரசீது, ஏறிய அட்டை, சோதனைத் தாள் நான்கையும் இறங்கும் முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். கப்பல் அடுத்த பயணத்துக்குக் கிளம்பிவிட்டால் அந்தக் கையெழுத்தை வாங்குவது பெரும்பாடு.