இரண்டு மழைக்கு நடுவே அழகுச்செடி வளர்ப்பு: குமரி மாவட்டத்துக்கு

பொதுவாகச் சொல்லப்படும் செடி வளர்ப்புக் குறிப்புகள் குமரியில் பாதிதான் பலிக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கிறது. நமக்கு ஜூனில் இடவப்பாதி மழை ஒன்று, அக்டோபர், நவம்பரில் துலாமழை இன்னொன்று. அதனால் இங்கே தொட்டிச் செடி தண்ணீர் இல்லாமல் காய்வதைவிட, வேரில் தண்ணீர் தேங்கி அழுகுவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

செடி வாங்கும் முன் வீடு எந்தப் பக்கம் என்று பாருங்கள். குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கம் ஈரக்காற்றும் மர நிழலும் உண்டு. அந்தூரியம், ஹெலிகோனியா, பெரணி, கலேடியம், குரோட்டன்ஸ் எல்லாம் அங்கே செழிக்கும். ரோஜா மட்டும் படுத்தும். மழை மாதங்களில் இலையில் கரும்புள்ளி விழுந்து கொட்டிக்கொண்டே இருக்கும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் நேர் எதிர். மழை குறைவு, ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அகல இலைச் செடிகளுக்கு விளிம்பு கருகும். அங்கே அரளி, காகிதப்பூ, அடீனியம் (பாலைவன ரோஜா), நித்தியகல்யாணி வையுங்கள். அரளியில் எல்லா பாகமும் விஷம். குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடமாகப் பாருங்கள்.

முட்டம், குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் அரளியும் காகிதப்பூவும் ஸ்பைடர் லில்லியும் உப்புக்காற்றைத் தாங்கும். காற்று பலமாக அடித்த மறுநாள் காலை நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிட வேண்டும். சிப்பித் தூள் கலந்த மணலில் இட்லிப்பூ வைத்தால் தளிர் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் செய்துவிடுவதுதான் காரணம். சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டாலும் இதேதான் நடக்கும். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை மாலையில் இலைமேல் தெளியுங்கள்.

நர்சரியில் பூ நிறைந்த செடியைப் பார்த்ததும் கை போகும். பூவை விட்டுவிட்டு இலையின் அடிப்பக்கத்தையும் கவரின் அடியையும் பாருங்கள். கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி. ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வரும் செடிகளில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே தொட்டியில் வைத்தால், சுற்றிலும் உள்ள மண் காய்ந்தாலும் உள்ளே களி ஈரமாகவே கிடக்கும், அல்லது காய்ந்து கல்லாகித் தண்ணீரை உள்ளே விடாது. வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெளிக்களியை விரலால் கரைத்துவிட்டு நடுங்கள். காகிதப்பூவுக்கு இது வேண்டாம். அதன் வேர் சட்டென்று ஒடியும், உருண்டை உடையாமல் கவரை மட்டும் கிழித்து வையுங்கள்.

12 அங்குலத் தொட்டிக்குச் செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, நன்றாக மக்கிய சாணம் 1 பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) 1 பங்கு, வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம். எம்சாண்ட் என்றால் சலித்து, தூளைக் கொட்டிவிட்டுப் பரலை மட்டும் எடுங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது. கோகோபீட்டில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழியாவிட்டால் இலை நுனி கருகும். அடியில் நான்கு துளைகள் போதும், ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஓட்டுச்சில்லு. வடிகாலுக்கென்று மூன்று அங்குலம் ஜல்லி நிரப்புவது பலருக்கும் பழக்கம். அது பலன் தராது. ஈரம் ஜல்லிக்கு மேலுள்ள மண்ணிலேயே தங்கும், வேருக்கு இடம்தான் குறையும். அடீனியத்துக்குப் பாதிக்குப் பாதி பருமணலும் செங்கல் பரலும். அந்தூரியத்துக்கு மண்ணே தேவையில்லை, கதம்பை (தேங்காய் மட்டை) துண்டு, கரி, ஓட்டுத்துண்டு போதும்.

கவாத்துக்கு நல்ல காலம் துலாமழை ஓய்ந்தபின், தை பாதியில். செம்பருத்தி புதுக்கிளையில்தான் பூக்கும். மூன்றில் ஒரு பங்கு உயரத்தை, வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். பத்து நாள் கழித்து, 100 கிராம் கடலைப் பிண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர்த்து ஊற்றலாம். காகிதப்பூவுக்கு இதைக் கொடுத்தால் இலைதான் தழைக்கும். அது பூக்க வேண்டுமானால் இலை லேசாகத் துவளும் வரை காயவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். மாசி முதல் சித்திரை வரை நிறம் கொட்டும்.

வெயில் ஏறியதும் மாவுப்பூச்சி வரும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். எறும்பு வரிசையையும் ஒழிக்காவிட்டால் பூச்சி திரும்பி வரும்.

இடவப்பாதி தொடங்கும் முன் எல்லாத் தொட்டிகளையும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியிலுள்ள தட்டுகளை எடுத்துவிடுங்கள். அடீனியம் கூரைக்குக் கீழ் போக வேண்டும். அடைமழைக் காலத்தில் உரம் வேண்டாம்; கரைந்து வழிந்து ஓடும். பதியன், குச்சி நடவுக்கு இந்தச் சாரல்தான் பொன்னான நேரம். பென்சில் கனத்தில் 15 செ.மீ. குச்சியைக் கணுவுக்குக் கீழே வெட்டி, மேலே இரண்டு இலையை மட்டும் வைத்து, அவற்றையும் பாதியாக நறுக்கி, மணலும் கோகோபீட்டும் சமமாகக் கலந்ததில் நடுங்கள். குரோட்டன்ஸும் செம்பருத்தியும் ஆறு வாரத்துக்குள் வேர் பிடிக்கும்.

மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டால் அது தாகமில்லை. அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான் செடியைக் கொல்லும். தொட்டியைச் சாய்த்து வேரை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக இருக்கும், இழுத்தால் எளிதில் அறாது. அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும், நாற்றமும் இருக்கும். பழுப்பானதையெல்லாம் வெட்டி, வேர் குறைந்த அளவுக்குக் கிளையையும் குறைத்து, புது மண்ணில் நட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கரைத்து வேரில் ஊற்றி நிழலில் வையுங்கள். அழுகல் நோயை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி போடுவதானால் 15 நாள் கழித்துத்தான். சேர்த்துப் போட்டால் மருந்து அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும்.

அந்தூரிய இலை விளிம்பில் மஞ்சள் வளையத்தோடு ஈரப்புள்ளி கண்டால் அது பாக்டீரியா நோய். அந்தச் செடியைத் தொட்டியோடு அப்புறப்படுத்துங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடைத்தே அடுத்ததைத் தொட வேண்டும்.

மழை மாதங்களில் ஆப்பிரிக்கப் பெருநத்தை இரவோடு இரவாகத் தளிரைத் தின்றுவிடும். ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையை வைத்தால் விடியும்முன் அங்கே கூடிவிடும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொட்டால் மூளைக்காய்ச்சல் தரும் புழுவின் தொற்று வரலாம். உப்பைச் செடியைச் சுற்றித் தூவாதீர்கள், மண் கெடும்.