தியேட்டர் மிக்ஸா, வீட்டு மிக்ஸா? ஒரே படத்தின் இரண்டு சத்தங்களை ஒப்பிடுவது எப்படி

எங்கள் வீட்டில் ரிமோட் எப்போதும் அம்மாவின் மடியில்தான். நாயகி மெல்லக் கதைத்தால், "உவள் என்ன சொல்லுறாள்?" என்று சத்தத்தைக் கூட்டுவார். அடுத்த நிமிடம் லொறி ஒன்று வெடிக்கும், பதறியடித்துக் குறைப்பார். பிறகு இன்னொருவர் குசுகுசுக்கத் தொடங்குவார். பக்கத்தில் இருக்கும் மச்சான், "தியேட்டரில இப்பிடி இல்லை. வீட்டுக்கு விடேக்க மிக்ஸைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்பார்.

மச்சான் சொல்வது சரியா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு மடிக்கணினி, சுமாரான ஹெட்போன், இலவசமாகக் கிடைக்கும் ஒடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருள், இவ்வளவும் போதும். ஒரு பின்னேரம் மினக்கெட வேண்டும்.

முதலில், ஏன் இரண்டு மிக்ஸ்?

வசனம், இசை, காலடிச் சத்தம், மழை எல்லாவற்றையும் எந்த அளவில் சேர்ப்பது என்று முடிவுசெய்வதுதான் மிக்ஸ். தியேட்டருக்கான மிக்ஸை ஒரு தியேட்டர் அளவு மண்டபத்தில் இருந்துதான் செய்வார்கள். அங்கே திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபெல் என்ற அளவுக்குச் சரிபார்க்கப்பட்டிருக்கும். அதற்கு மேலே இன்னும் 20 டெசிபெல் இடம் உண்டு. அதாவது ஒரு ஸ்பீக்கரிலிருந்தே 105 டெசிபெல் வரை வெடிக்கலாம். இருட்டில், எல்லோரும் வாய் மூடி இருக்கும் மண்டபத்தில் அப்படி வைத்தால் குசுகுசுப்பும் கேட்கும், வெடியும் நெஞ்சில் இடிக்கும்.

வீட்டில் யார் அவ்வளவு சத்தம் வைக்கிறார்கள்? அதனால் பல படங்களுக்கு, சின்ன அறையில், கிட்ட இருக்கும் சின்ன ஸ்பீக்கர்களில் கேட்டு, 79 அல்லது 82 டெசிபெல் அளவில் இன்னொரு மிக்ஸ் செய்வார்கள். நியர்ஃபீல்ட் மிக்ஸ் என்பது இதைத்தான். குசுகுசுப்பைக் கொஞ்சம் தூக்கி, வெடியைக் கொஞ்சம் அமத்துவார்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளம் வசனத்தின் சராசரி உரப்பு மைனஸ் 27 அலகில் இருக்க வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் 2 அலகுக்குள் என்று எழுதியே கேட்கிறது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. தியேட்டர் ஒலியமைப்பில் 2 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே கீச்சுச் சத்தம் படிப்படியாகக் குறையும்படி ஒரு வளைவு வைத்திருப்பார்கள், எக்ஸ் கேர்வ் என்று பெயர். அந்த மண்டபத்தில் கேட்டுச் செய்த மிக்ஸை அப்படியே வீட்டு ஸ்பீக்கரில் போட்டால் 'ஸ', 'ச' எல்லாம் காதைக் குத்தும்.

ஆகவே அம்மாவின் ரிமோட் பிரச்சினைக்கு மச்சான் சொல்வதற்கு நேர்மாறான காரணமும் இருக்கலாம்: தியேட்டர் மிக்ஸை மாற்றாமல் அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

படி 1: ஒப்பிட இரண்டு தடங்கள்

கஷ்டமான வேலை இதுதான். தியேட்டரில் ஓடுவது டிசிபி என்ற பூட்டிய கோப்பு. அந்த மண்டபத்தின் கருவிக்கென்றே, குறித்த நாட்களுக்கு மட்டும் வேலை செய்யும் சாவி வரும். அது நமக்குக் கிடைக்காது. தியேட்டருக்குள் களவாக எடுத்த கொப்பியும் உதவாது. போன் மைக் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துப் பதிந்திருக்கும், போதாததற்கு பின் வரிசைக்காரரின் இருமலும் இருக்கும்.

கைக்கு எட்டுவது டிஸ்க்தான். சில புளூரேக்களில் தியேட்டர் மிக்ஸ் ஒரு தடமாகவும் வீட்டு மிக்ஸ் இன்னொரு தடமாகவும் இருக்கும். பழைய படங்களில் அந்தக் கால மோனோவும் (ஒரே சனல், அதாவது ஒரே ஒலி வழி) பிறகு செய்த 5.1 தடமும் (ஆறு சனல்) பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். ஒரே படத்தின் பழைய டிவிடியும் புதிய வெளியீடும் இருந்தாலும் ஒப்பிடலாம். உறையில் எழுதியிருப்பதை முழுதாக நம்பவேண்டாம்.

படி 2: இரண்டும் ஒரே இனமா?

நான் சறுக்கியது இங்கேதான். முதல் தடவை ஒப்பிட்டபோது, கோயில் திருவிழாக் காட்சி ஒன்றில் மேளத்தின் அடி ஒரு தடத்தில் 'தொம்' என்று இறங்கியது, மற்றதில் தகரத்தில் தட்டினமாதிரி இருந்தது. "வீட்டு மிக்ஸில் பேஸை வெட்டிப்போட்டாங்கள்" என்று மச்சானைவிடப் பலமாகச் சொல்லித் திரிந்தேன். ஒரு கிழமைக்குப் பிறகுதான் விளங்கியது: ஒன்று 5.1, மற்றது அதே 5.1 தடத்தை என் பிளேயர் இரண்டு சனலாகச் சுருக்கியது. அப்படிச் சுருக்கும்போது ஆழமான அதிர்வுக்கென்று இருக்கும் தனிச் சனலை, அந்த '.1'ஐ, வழமையாக விட்டுவிடுவார்கள். மிக்ஸில் ஒரு பிழையும் இல்லை.

அதனால் மீடியாஇன்ஃபோ என்ற சின்ன மென்பொருளில் கோப்பைத் திறந்து எத்தனை சனல், என்ன வகை, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 5.1ஐ 5.1உடன்தான் ஒப்பிட வேண்டும். பழைய மோனோவை 5.1 தடத்தின் நடுச் சனலோடு மட்டும் வைத்துப் பார்க்கலாம்.

டொல்பி டிஜிட்டல் தடமென்றால் இன்னொரு பொறி உண்டு. இரவில் மெல்லக் கேட்பவர்களுக்காக, பெரிய சத்தத்தை அமத்தும் கட்டளை அதற்குள்ளேயே இருக்கும். ஒடாசிட்டி துணைக்கு எடுக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருள் அதைக் கேட்காமலே போட்டுவிடும். எஃப்எஃப்எம்பெக்கில் டிஆர்சி ஸ்கேல் (drc_scale) என்ற அமைப்பைப் பூச்சியமாக்கி, தடத்தை முதலில் வேவ் கோப்பாக மாற்றுங்கள். பிறகு அதை ஒடாசிட்டியில் திறவுங்கள்.

படி 3: வேகம்

படம் நொடிக்கு 24 ஃபிரேம். நமது இலங்கை, பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை நாடு, பழைய டிவிடிகள் பெரும்பாலும் 25. படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டித்தான் அதில் ஏற்றினார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், எல்லோருடைய குரலும் கொஞ்சம் மெலிந்து கேட்கும். எஃபெக்ட் மெனுவில் வேகத்தை மாற்றும் கருவியில் 0.96 என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

படி 4: சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

இதைத் தவறவிட்டால் மிச்சம் எல்லாம் வீண். இரண்டு தடங்களில் எது ஒரு டெசிபெல் கூட இருக்கிறதோ, அதுதான் நல்லது என்று காது சொல்லும். சத்தம் கூட என்று தோன்றாது, "இது தெளிவு" என்றுதான் தோன்றும்.

இரண்டு மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுங்கள். சாதாரணக் குரலில் வசனம், ஒரு குசுகுசுப்பு, ஒரு பெரிய சத்தம் மூன்றும் அதற்குள் வரவேண்டும். வேவ் 5.1 கோப்பைத் திறந்தால் சனலுக்கு ஒன்றாக ஆறு தடங்கள் விரியும், மேலிருந்து மூன்றாவது நடுச் சனல். வசனம் பெரும்பாலும் அங்கேதான். பின்னால் சத்தமில்லாமல் ஒருவர் சாதாரணமாகக் கதைக்கும் ஒரு வரியைத் தெரிவுசெய்து, அனலைஸ் மெனுவில் ஆர்எம்எஸ் அளவை, அதாவது அந்த வரியின் சராசரிச் சத்தத்தை, பாருங்கள். மற்றக் கோப்பிலும் அதே வரி. உதாரணத்துக்கு ஒன்று மைனஸ் 30, மற்றது மைனஸ் 26 என்றால், இரண்டாவது கோப்பின் ஆறு தடங்களையும் 4 டெசிபெல் குறையுங்கள். வெடியை வைத்துச் சமப்படுத்தவேண்டாம். வெடி எவ்வளவு மாறியது என்பதைத்தானே நாம் தேடுகிறோம்.

படி 5: அளந்து பாருங்கள்

அனலைஸ் மெனுவில் கொன்ட்ராஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. பேச்சு பின்னணியைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று பார்க்கச் செய்த கருவி. நடுச் சனலில் குசுகுசுப்பைத் தெரிவுசெய்து முன்னணியாகக் கொடுங்கள், வெடியைப் பின்னணியாகக் கொடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி டெசிபெலில் வரும். மற்றக் கோப்பிலும் செய்யுங்கள். இடைவெளி தெளிவாகச் சுருங்கியிருந்தால் அந்தத் தடம் வீட்டுக்கென்று திருத்தியது என்று நினைக்க நல்ல காரணம் உண்டு. இரண்டிலும் ஒரே இடைவெளி வந்தால் ஒரே மிக்ஸை இரண்டு உறையில் விற்றிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

படி 6: கழித்துப் பாருங்கள்

சந்தேகத்தைத் தீர்க்க இது. இரண்டு நடுச் சனல்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். கதவு அடிபடும் சத்தம்போல் கூர்மையான ஒன்றைக் கண்டுபிடித்து, அலையின் முள் தெரியும்வரை பெருப்பித்து இரண்டையும் நேராக்குங்கள். நொடிக்கு 48,000 புள்ளிகள் இருக்கின்றன, சில புள்ளிகள் தள்ளினாலே கணக்குப் பிழைக்கும். பிறகு ஒன்றை இன்வெர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். ஒரே மிக்ஸ் என்றால் ஒன்றை ஒன்று அழித்து, தண்ணீருக்குள் யாரோ கதைக்கிறமாதிரி மெல்லிய மிச்சம் மட்டும் வரும். அது கோப்பைச் சுருக்கியதால் வருவது. வேறு மிக்ஸ் என்றால் மாற்றிய இடங்கள் மட்டும் மேலே மிதந்து வரும். வசனம் அழிந்து மழை மட்டும் கேட்டால், மழையில்தான் கைவைத்திருக்கிறார்கள்.

படி 7: கடைசியில் காது

அளவு பார்ப்பதை ஹெட்போனில் முடித்துவிட்டு இதற்கு மட்டும் ஸ்பீக்கருக்கு வாருங்கள். எங்கள் வீடுகளின் சீமெந்து நிலமும் உயர்ந்த சுவரும் வசனத்தை எதிரொலித்துக் குழப்பும். ஜன்னல் சீலையை இழுத்துவிடுங்கள், ஃபேனை நிற்பாட்டுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும், கோயிலுக்குக் கிட்ட இருப்பவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், மின்சாரம் இல்லாமல் ஜெனரேற்றர் போட்டு வீடியோ டெக்கில் படம் பார்த்தவர்களுக்கோ, வீட்டு மிக்ஸ் என்றால் ஜெனரேற்றரையும் சேர்த்துத்தான்.

எந்தத் தடம் ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது. வேறொருவர் மாற்றவேண்டும், பத்துத் தடவையாவது. நான் மச்சானை இருத்தி, முதலில் ஒரு சின்னச் சோதனை வைத்தேன். ஒரே தடத்தை இரண்டு முறை போட்டேன், இரண்டாவது முறை ஒரேயொரு டெசிபெல் கூட்டினேன். முதலாவது முடியும்வரை பேசாமல் இருந்தார். இரண்டாவது தொடங்கியதும் நிமிர்ந்து இருந்து, "பாத்தியா, இதுதான் தியேட்டர் மிக்ஸ்" என்றார்.